இரண்டு வேளை மருந்து

"ஒரு முள்ளுப் புதருக்கு ரெண்டு மனுவா? வேற வேலையே இல்லையாம்மா ஒனக்கு?"

"ரெண்டு இல்ல சார், மூணு."

அதிகாரி குணசேகரனுக்கு எண்ணிக்கை முக்கியமாகப் படவில்லை. கண்மாய்க்கரையில் பூங்கா கட்ட, இன்று இருட்டுவதற்குள் இடத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். பொக்லைன் வந்து ஒரு மணி நேரமாகிறது; பொழுதும் சாய்ந்துவிட்டது. அதை மறித்துக்கொண்டு கலைமதி நிற்கிறாள், அந்த ஊரின் முதல் எம்.எஸ்சி. அவளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து கிடந்தது சூரைமுள்.

"இது மூலிகை சார். லாவோஸ் நாட்டு வைத்தியத்துல இதச் சேக்குறாங்க. நான் படிச்சதே தாவரவியல்தான்."

"லாவோஸா? அது அறந்தாங்கிக்கு அங்கிட்டா, இங்கிட்டா?" என்றார் பொக்லைன் ஓட்டும் சூசைராஜ்.

"மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்கண்ணே. காது கிழியுது."

குணசேகரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "லாவோஸ விடு. இந்த ஊர்ல யாருக்கு இது மருந்து?"

"எல்லாப் பொம்பளைங்களுக்கும்."

"என்ன நோய்க்கு?"

"வயித்துக்கு."

"ஓகோ. எத்தனை வேளை டாக்டரம்மா?"

"ரெண்டு வேளை. விடியறதுக்கு முன்னாடி ஒண்ணு, பொழுது சாஞ்சு ஒண்ணு."

"ஆம்பளைங்க வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அவங்களுக்கு இது இல்லாமலே ஆகுது சார்."

சூசைராஜ் சிரித்தார். குணசேகரன் சிரிக்கவில்லை. "சரி, ரெண்டு நாள் டைம் தாரேன். வேரு, எலை எல்லாத்தையும் பறிச்சு வீட்டுல காயவச்சுக்கங்க."

"பறிச்சா வேலைக்காகாது. செடி நிக்கணும். நின்னாலே போதும்."

"செடி நின்னா வயிறு எப்படிம்மா சரியாகும்? படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது?"

"படிக்காதவங்க சொன்னா மட்டும் கேட்டீங்களா?"

அவருடைய பொறுமை போயே போய்விட்டது. "நீ நகர வேண்டாம். அப்படி என்ன அதிசயம்னு நானே போய்ப் பாத்துட்டு வாரேன்."

"சார், அங்கிட்டுப் போகாதீங்க! சார்!"

அவர் கேட்கவில்லை. முள்ளை விலக்கிக்கொண்டு புதரின் மறுபக்கம் போனார்.

"எவன்டா அவன்?" என்று ஒரு பெண் குரல் அலறியது. "பொம்பளைங்க ஒதுங்குற எடத்துல ஒனக்கு என்னடா வேலை?"

தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் கப்பு பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது.

குணசேகரன் திரும்பி வந்தபோது சட்டையில் இரண்டு இடம் கிழிந்திருந்தது. கையில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "ஏம்மா... இத மனுவுல நேராவே எழுதியிருக்கலாமே?"

கலைமதி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"மொத மனுவுல அதத்தான் சார் எழுதுனேன். 'வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டி முடிக்கப்பட்டுவிட்டது, மனு தள்ளுபடி'ன்னு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புனது நீங்கதான்."