காலி அறையில் ஒரு குரல்

எண்பத்தாறில் செம்பாக்கத்தில் பார்த்த வீடு கிட்டுவுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருந்தது. மனைவி லோகநாயகிக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

"ஏன்னா, பின்னாலேயே ஏரி. குழந்தையை வெச்சுண்டு இங்கே வேண்டாம்."

மூன்று வயது வைதேகி காலி அறையில் "அப்பா!" என்று கூவினாள். "அப்பா!" என்று எதிரொலித்தது. கிட்டுவும் கூவினான். அவன் குரல் எதிரொலிக்கவில்லை.

"காலி வூடு சார், அப்டித்தான் கீது," என்று சிரித்தார் வீட்டுக்காரர் ஏகநாதன்.

புறப்படும்போது வைதேகி கிட்டுவின் தோளில் தூங்கிவிட்டாள். ஏகநாதன் வாசற்கதவைப் பூட்டினார்.

"அப்பா, நானும் வரேன்!" உள்ளே வைதேகியின் குரல் அழுதது. கதவின் கீழ்ப்பாதியை யாரோ தட்டினார்கள்.

கிட்டு தோளில் இருந்தவளை இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். லோகநாயகி நகரவில்லை.

"கதவைத் திறங்கோ," என்றாள் ஏகநாதனிடம். "அட்வான்ஸ் இன்னிக்கே தரோம்."