செள்ளு

தொண்ணூற்றொன்றில் குருநகரில் லூர்த்தம்மாவின் புறாக்களுக்குச் செள்ளுப் பிடித்தது. பகலில் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் பூச்சி. இரண்டு குஞ்சுகள் செத்தன. கடலுக்குப் போன கணவன் திரும்பாத வீட்டில் மிஞ்சியவை அந்தப் புறாக்கள்தான். இனி ஒன்றையும் சாகவிடுவதில்லை என்று அவள் தீர்மானித்தாள்.

"கூட்டை வெறுமையாய் விடு பிள்ளை. இரத்தம் கிடைக்காட்டி செள்ளு செத்துப்போம்," என்றார் பக்கத்து வீட்டுச் செபமாலை அண்ணை.

ஆறு புறாக்களுக்கும் வேப்பெண்ணெய் பூசிச் சமையல் குசினிக்குள் அடைத்தாள். கூட்டைக் கொதிநீரால் கழுவி, மூன்று மாதம் பூட்டி வைத்தாள்.

திறந்தபோது, கூட்டின் மேல் மூலை அறையில் மட்டும் செள்ளு ஊர்ந்தது. ஒன்றை நசுக்கினாள். விரலில் புது இரத்தம்.

"அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ."

"எரிச்சுவிடு பிள்ளை," என்றார் அவர், கிட்ட வராமலே.

அவள் எரிக்கவில்லை. உள்ளங்கையில் வேப்பெண்ணெய் ஊற்றிக்கொண்டு வெறும் அறைக்குள் கையை நீட்டினாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் இளஞ்சூடாக ஒன்று கையில் வந்து அமர்ந்தது. ஒரு புறாவின் கனம்.

"ஆடாமல் இரு," என்றாள் லூர்த்தம்மா. இறகுகளை விலக்கி, எண்ணெயைத் தேய்க்கத் தொடங்கினாள்.