ஓடை வரைக்கும்

மேட்டுப் பேச்சுக்காரர்கள் ஓடைக்கரையில் கம்பை எங்கள் தோளுக்கு மாற்றிவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.

கம்பில் கட்டிய கோணிக்குள் டோகாஸ். கூடவே நடந்து வந்தான் அவள் புருஷன், மேட்டுக்காரன் யோபா.

இந்த ஆற்றோரம் மூன்று பேச்சு: மேட்டில் ஒன்று, நடுவில் எங்களது, கீழே ஒன்று. ஒவ்வொரு பேச்சுக்காரனும் தன் எல்லை ஓடை வரைக்கும் சுமப்பான், நோயாளியை மட்டும். செத்தவரை ஓடை தாண்டித் தூக்கக் கூடாது. உயிர் போன மண்ணிலேயே குழி.

ஆஸ்பத்திரி கீழே, டோகாஸ் பிறந்த ஊருக்கும் அப்பால்.

வாமுக் முன்னால், நான் பின்னால். முழங்கால் வரை சேறு. நேற்று முழுக்க மரம் அறுத்த தோள், கம்பு பட்டதும் எரிந்தது.

"ஏன் மச்சான், அக்காவுக்குக் கல்லையா அவிச்சுப் போட்டே?" என்றான் வாமுக்.

யோபா சிரிக்கவில்லை. "காய்ச்சல். பாத்துப் போங்கப்பா."

வழியெல்லாம் கோணியோரம் குனிந்து அவளிடம் பேசிக்கொண்டே வந்தான். கீழ்ப் பேச்சில், அவள் பேச்சில். ஈரத் துணியால் உதட்டை நனைத்தான். ஈ விரட்டினான்.

நாங்கள் ஒருமுறைகூட இறக்கி வைக்கவில்லை.

அடுத்த ஓடையில் அவள் ஆட்கள் நின்றார்கள். கம்பு கைமாறியது.

"இருட்டுறதுக்குள்ள ஆஸ்பத்திரி போயிடலாம்" என்றான் யோபா, எங்களைப் பார்க்காமல். தண்ணீரில் இறங்கி, அக்கரை ஏறி, மறைந்தார்கள்.

வாமுக் உட்கார்ந்தான். எடுத்த பாக்கை வாயில் போடவில்லை.

"நமக்குப் புரியாதுன்னு நெனச்சுட்டான், பாவம்."

மேட்டுக்காரர்களுக்குக் கீழ்ப் பேச்சு எட்டாது. யோபா மட்டும் பெண்டாட்டியிடம் கற்றவன். ஆனால் மூன்றும் ஒரு வயிற்றில் பிறந்த பேச்சு. நடுவில் கிடக்கிற எங்களுக்கு இரண்டு பக்கமும் முக்கால்வாசி விளங்கும்.

"உங்கம்மா குழிக்குப் பக்கத்துல படுக்க வெச்சிடறேன். இன்னும் ஒரே ஓடைதான்." கம்பு எங்கள் தோளுக்கு வந்ததிலிருந்து யோபா அவளிடம் இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான்.

"எறக்கியிருக்கலாம்" என்றான் வாமுக்.

"எறக்கியிருந்தா குழியும் நாமதான் வெட்டணும்."

இரண்டு பேரும் ஓடையில் இறங்கித் தலை முழுகினோம். பிணம் தொட்டவன் ஒரு மாதம் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது. கிழங்கு பாதிதான் தோண்டியிருந்தோம். மீதியைப் பன்றி தின்னும்.

"தோட்டத்துக்குப் போகாததுக்கு வீட்ல என்னடா சொல்றது?" என்றான் வாமுக்.

"முதுகு பிடிச்சிருச்சுன்னு சொல்லு. அது பொய்யில்ல."