ஆடிய கோடு

மாடியில் தடதடவென்று ஓட்டம். கீழே கம்ப்யூட்டர் திரையில் நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு புழு மாதிரி நெளிந்தது.

“போச்சு! இந்த முட்டையும் போச்சு!”

வெடி மேடம் வெடித்தார். ஆய்வுக்கூடத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அது.

“இன்னொரு முட்டை எடுக்கட்டுமா மேடம்?” என்றாள் ஊசிக்காரி. முடியைவிட மெல்லிசாகக் கண்ணாடி ஊசி இழுத்துத் தருவது அவள் வேலை.

“எத்தனையத்தான் உடைக்கிறது? நான் என்ன ஆம்லெட்டா போடறேன்?”

வேலை அப்படி. முட்டைக்குள் மூன்று நாள் வளர்ந்த கோழிக்கருவின் இதயம் கடுகளவுதான் இருக்கும். மருந்து விட்டுத் துடிப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஊசி முனையால் மெல்ல அழுத்தி, எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். வளர வளர அது எப்படி இறுகுகிறது என்று தெரிந்தால், இதயக் கோளாறோடு பிறக்கிற பிள்ளைகளுக்கு உதவும். மேசை இம்மி அசைந்தாலும் கோடு ஆடிவிடும். அளவு குப்பைக்குப் போகும்.

அந்த மேசைக்கு நேர் மேலே, மாடியில், ஊழியர்களின் பிள்ளைகளுக்கான காப்பகம்.

“காப்பகமா அது? குதிரை லாயம்!”

“சின்னப் பிள்ளைங்க மேடம். ஓடத்தானே செய்யும்.”

“உன் பொண்ணும் அங்கதானே இருக்கா. நீ அப்படித்தான் பேசுவ!”

“அவ அங்க இருக்கறதாலதான் மேடம் நான் இங்க நிக்கிறேன். அதை மூடிட்டா நானும் வேலையை விட்டுட்டு வீட்டுலதான் உட்காரணும்.”

“அது உன் பாடு!”

மேடம் நேரே இயக்குநர் அறைக்குப் போனார். உள்ளே கேட்ட சத்தத்தில், வராந்தாவில் போனவர்கள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

“பிள்ளைங்க இதயத்துக்காகத்தான் சார் இந்த ஆராய்ச்சியே! அதுக்குப் பிள்ளைங்களே எமனா வந்து நின்னா நான் என்ன பண்றது? ஒண்ணு அவங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்!”

இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நாளைக்கு ஒரு நாள் பார்க்கலாம்மா. நாளைக்கும் கோடு ஆடினா, காப்பகத்தைக் காலி பண்ணச் சொல்லிடறேன்.”

மறுநாள் காலை மாடியில் சத்தமே இல்லை. ஈ பறந்தால்கூடக் கேட்டிருக்கும்.

நேற்றைய கோபம் ஆறாமலே மேடம் ஊசியை இறக்கினார்.

கோடு ஆடியது.

“கொழுப்பைப் பார்த்தியா! சத்தம் கேட்காம குதிக்கக் கத்துக்கிட்டாங்க!”

ஊசிக்காரி வாயைத் திறப்பதற்குள் மேடம் படியேறிப் போய்க் கதவைத் தள்ளினார்.

பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கையும் அவரவர் நெஞ்சில். காப்பகத்து அம்மா உதட்டில் விரலை வைத்தபடி நடுவில் உட்கார்ந்திருந்தார்.

ஊசிக்காரியின் மகள்தான் ரகசியக் குரலில் கேட்டாள். “ஆன்ட்டி, கோழிக்குஞ்சு நெஞ்சை அளந்தாச்சா? நாங்க மூச்சுகூட மெதுவாத்தான் விடறோம்.”

“ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் இறங்கி வந்தார்.

திரையில் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘அப்போ எந்தப் பாவி ஆட்டறது? பக்கத்து ரூம் மெஷினா? வேணும்னே எவனாவது பண்றானா?’ நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. திரையை முறைத்தார்.

கோடு நெளிந்தது.

ஏதோ உறைக்க, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

மேசையின் குறுக்குக் கம்பி மேல் அவருடைய வலது கால். முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கோபம் வந்தால் தானாக ஆடுகிற கால். சின்ன வயசில் அம்மா தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தும் நிற்காத கால்.

மாடியில் ஓட்டம் கேட்டபோதெல்லாம் அவருக்குக் கோபம் வந்திருக்கிறது.

காலைத் தரையில் இறக்கினார். கோடு நேரானது.

“என்னம்மா, இன்னைக்கும் ஆடுச்சா?”

வாசலில் இயக்குநர். அவருக்குப் பின்னால், ஊசிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊசிக்காரி.

இத்தனை நாளாக ஊரைக் கூட்டிக் கத்தியாகிவிட்டது. இப்போது போய் எந்த முகத்தோடு சொல்வது?

“ஆடுச்சு சார். இப்பத்தான் மாடிக்குப் போய்ட்டு வந்தேன். உடனே நின்னுடுச்சு. நீங்களே பாருங்க.”

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

இயக்குநர் திரையைப் பார்த்தார். “சரி. இன்னையோட காலி பண்ணச் சொல்லிடறேன்.”

ஊசிக்காரி கையிலிருந்த பெட்டியை மேசை அசைந்துவிடாமல் அத்தனை மெதுவாக வைத்துவிட்டு, மகளைக் கூட்டிவரப் படியேறினாள்.

மேடம் இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு அளந்தார். அளவு சுத்தமாக வந்தது. அந்தக் கடுகளவு இதயம் இன்னும் இறுகவே ஆரம்பித்திருக்கவில்லை.