ஏரிக்கரையில் அம்பேல்

“அம்பேல்!”

கத்திவிட்டு ஏரிக்கரைமேல் குந்திவிட்டான் ஜம்புலிங்கம். துரத்தி வந்த உலகநாதன் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இன்னும் ஒரு முழம் எட்டியிருந்தால் பிடித்திருப்பான்.

இரண்டு பேரும் சின்னப் பையன்கள் இல்லை. உலகநாதன் கான்ஸ்டபிள், தலையில் வெள்ளைக்காரன் சர்க்கார் கொடுத்த சிவப்புத் தலைப்பாகை. ஜம்புலிங்கத்திடம், கைக்கொன்றாக, இன்ஸ்பெக்டர் வீட்டுக் கோழிகள் தலைகீழாகத் தொங்கின.

“டேய், எழுந்திருடா. கோழி வரலேன்னா என் பெல்ட்டை அவுத்துக்குவாரு அந்த ஆளு. நான் புள்ளகுட்டிக்காரன்டா.”

“மூச்சு வாங்குது மச்சான். நீயும் குந்து. நான் ஜூட் சொன்னப்புறம் தொரத்து.”

“இப்பவே புடிச்சா இன்னா பண்ணுவே?”

“புடியேன். உங்கம்மா ஊட்லதானே கீது?”

‘அம்பேல்’ சொல்லிக் கையால் மண்ணைத் தொட்டுவிட்டால் ஆட்டம் நின்றது, அவனை யாரும் தீண்டக்கூடாது. அம்பத்தூரில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. சின்ன வயதில் ஒருமுறை உலகநாதன் அதை மீறி இதே ஜம்புலிங்கத்தைப் பிடித்துவிட்டான். அம்மா பொன்னியம்மா அவனைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். விளக்கு வைக்கும்வரை நின்றான். அந்தச் சுவரில் விரிசல் எங்கே, எறும்பு எங்கே என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

வேறு வழியில்லாமல் அவனும் குந்தினான். பையிலிருந்த வேர்க்கடலையை எடுத்தான். ஜம்புலிங்கத்துக்குக் கை ஒழியவில்லை, பாவம். உரித்து அவன் வாயில் போட்டுவிட்டான்.

அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் ஜானகிராமன். அவரும் இந்த ஊர்க்காரர்தான்; ஆனால் தொப்பி ஏறிய நாளிலிருந்து அவர் வாயில் சுத்தத் தமிழ்தான்.

“கான்ஸ்டபிள்! திருடனைப் பிடிக்கச் சொன்னால், உட்கார்ந்து கடலை ஊட்டுகிறீரா?”

“அய்யா... அவன் அம்பேல் சொல்லிட்டான் அய்யா.”

இருபது வருஷ வேலை போயிற்று என்று முடிவுகட்டி, பெல்ட்டைத் தானே அவிழ்க்கத் தொடங்கினான் உலகநாதன்.

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. ஜம்புலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிளை அப்படியே கீழே போட்டார்.

“யோவ், ரெண்டு கையிலயும் கோழிய வெச்சிகினு எப்டிய்யா மண்ணத் தொட்டான்? அம்பேல் செல்லாது, அமுக்கு!”