வயிற்றெரிச்சலுக்கு ஒரு வைத்தியம்

“மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

“நாலு ஆயிடும் டாக்டர். அதுவும் ஒரு காதுல போன். எதிர்முனையில ஆள் திட்டத் திட்ட, நான் அவக் அவக்னு முழுங்குவேன்,” என்றார் குமாஸ்தா. “ஒரு மாசமா நெஞ்சு வரைக்கும் எரியுது. எப்பப் பார்த்தாலும் புளிச்ச ஏப்பம்.”

டாக்டர் சிரித்தார். “பதற்றத்தோட சாப்பிட்டா எப்படிச் செரிக்கும்? போன மாசம் ஒருத்தர் உங்களைவிட மோசமா வந்தார். மாத்திரையே வேணாம்னுட்டேன். ஒரு மணிக்கு போனை அணைச்சு வைங்க, நிதானமா மென்னு சாப்பிடுங்க, தலைவலி பிடிச்ச வேலையை வேற யார் தலையிலயாவது கட்டுங்கன்னேன். இப்ப கல்லைத் தின்னாலும் செரிக்குதாம்!”

“அவர் என்ன வேலை பார்க்கிறார்?”

“பக்கத்துத் தெரு பார்சல் கம்பெனியில மேனேஜர்.”

குமாஸ்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “நானும் அங்கதான் டாக்டர். புகார் போனையெல்லாம் அவர் கட்டினது என் தலையிலதான்.”

டாக்டர் கொஞ்சமும் அசடு வழியவில்லை. “உங்களுக்குக் கீழே யாராவது இருக்காங்களா?”

“திங்கட்கிழமைதான் ஒரு பொண்ணு புதுசா சேர்ந்திருக்கு. பாவம், ரொம்ப நல்ல பொண்ணு.”

“அப்புறமென்ன?”

குமாஸ்தா பீஸைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தபோது மணி ஒன்று. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார். வருகிற அழைப்பெல்லாம் அந்தப் பெண்ணுக்கே போகும்படி மாற்றிவிட்டு, போனை அணைத்தார்.

ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு நன்றாகப் பசித்தது.