தடிக் கம்பி

"இந்த ட்யூன் மெல்லிசுக் கம்பியில வாசிச்சாத்தானுங்க சார் இனிமையா இருக்கும். நீங்க எதுக்குத் தடிக் கம்பியையே புடிச்சுட்டு இருக்கறீங்க?" என்று கேட்டாள் கிடார் டீச்சர் மேக்னா.

"எனக்கு இது போதுமுங்க அம்மணி," என்றார் திருமலைசாமி.

காந்திபுரத்தில் இருந்த அந்த வகுப்பில் அவர்தான் வயதில் மூத்தவர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வந்து சேர்ந்தார். கற்றுக்கொள்ள விரும்பியது ஒரே ஒரு ட்யூன்தான். பல வருடங்களுக்கு முன் டி.வி.யில் வந்த ஒரு சீரியலின் டைட்டில் இசை அது.

"வீட்டுல அம்மாவுக்குப் புடிச்ச சீரியலுங்களா?"

"அந்த மியூசிக் வந்தாப் போதும், அடுப்பை அணைச்சுப்போட்டு ஓடியாருவாளுங்க."

"அப்ப அவங்க ரசிக்கற மாதிரி வாசிக்கோணுமல்லங்க? இப்படி வாசிச்சா டொம் டொம்னுதான் இருக்கும்."

"டொம் டொம்னே இருக்கட்டுமுங்க."

ஞாயிற்றுக்கிழமை, போத்தனூர் வீட்டில் கிடாரோடு மனைவி ராமாமணியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுடைய உள்ளங்கையை எடுத்துக் கிடாரின் மரப்பலகை மேல் வைத்துவிட்டு, தடிக் கம்பியை அழுத்தமாக மீட்டினார்.

ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் கேட்காமல் போனதிலிருந்து ராமாமணி டி.வி. பக்கமே வருவதில்லை.

முதலில் அவள் புரியாமல் பார்த்தாள். அதிர்வு உள்ளங்கையில் ஏற ஏற, முகம் மாறியது.

"ஏனுங்க, நம்ம சீரியல் மியூசிக்குங்களா இது?"

திருமலைசாமி தலையாட்டினார்.

"நடுவுல ஒரு எடத்துல அவசரப்படறீங்க," என்றாள் ராமாமணி, கையை எடுக்காமலே. "மறுக்கா வாசிங்க."